பானட் மேல் வைக்காத சாவி

அத்தப்பண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் சேலத்தில், டயாலிசிஸ் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் அம்மா உள்ளே நான்கு மணி நேரம் படுத்திருப்பார். அந்த இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் என்னால் உட்கார முடியாது, வெளியே வந்து நடப்பேன். நாமக்கல்லில் அவர் கடைக்கு எதிரே டயர் கடை வைத்திருப்பவர் கூப்பிட்டு, நம்ம சாவிக்காரர் காலையில் தவறிவிட்டார் என்றார். சரிங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு இன்னும் மூன்று சுற்று நடந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம். அவரிடம் போய் முடிக்க வேண்டிய ஒரு வேலையை நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டவள் நான், கோபம் மட்டும் அவர்மேல்.

முப்பதாம் நாளுக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதித் தர வேண்டும் என்று அவர் மகள் கேட்டாள். பட்டறைக்காரர்களும் லாரி டிரைவர்களும் போர்வெல் ரிக் வண்டி முதலாளிகளும் எழுதுகிறார்கள். அவர் எந்தெந்த வண்டிக்கு எப்படிச் சாவி போட்டார் என்பதை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்குள்ள ஒரே தகுதி, ஒரே காருக்கு இரண்டு தடவை அவரை வரவழைத்தவள் என்பது. நான் கோழித்தீவன ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க மாட்டேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அத்தப்பண்ணனோ நின்றால் நின்றதுதான்.

முதல் தடவை நடந்தது ராசிபுரம் பக்கத்தில் ஒரு தீவன ஆலையில். அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மக்காச்சோள மாதிரி எடுக்கப் போயிருந்தேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைப் பட்டையிலேயே கார் சாவியையும் மாட்டிக்கொள்வது என் வழக்கம். குவியலுக்குள் கையை விட்டு ஈரம் பார்க்கும் அவசரத்தில் அது கழன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது அந்தச் சோளம் அரைவைக்குப் போய்விட்டிருந்தது. தீவன ஆலையில் ஆணி, கம்பித் துண்டெல்லாம் அரைவைக்குள் போகாமலிருக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அந்தக் காந்தத்தில் சாவியின் இரும்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தலை உடைந்து எங்கேயோ போய்விட்டது, எந்தக் கோழி தின்றதோ.

இரும்பு கிடைத்துவிட்டதே, போதும் என்று நினைத்தேன். அதைக் கொண்டுபோய்க் காரில் விட்டேன், கதவு திறந்தது. குறடால் பிடித்துத் திருப்பினேன், இஞ்சின் உறுமி இரண்டே விநாடியில் அணைந்தது. பத்துத் தடவை திருப்பினேன், பத்துத் தடவையும் அப்படியே. ஆலைக்காரர்கள்தான் அத்தப்பண்ணன் நம்பரைக் கொடுத்தார்கள். நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி யார் பேரில் இருக்கிறது என்பது. அப்பா பேரில் என்றேன். அப்பாவை வரச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொரு சாவி இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள், ஆர்.சி.யும் ஆதாரும் வேண்டும் என்றார். நான் கத்தினேன். மகள் நான் நிற்கிறேன், என் அடையாள அட்டை இருக்கிறது, அப்பா எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க மகதானுங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா வண்டி உங்க பேர்ல இல்லைங்களே."

அவர் வந்து சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அப்பா பஸ்ஸில் வந்தார். அதுவரை அத்தப்பண்ணன் தன் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. ஆலை வாசலில் டீ வாங்கிக் குடித்தார், எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் அவரைச் சுற்றி நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேன். அப்பா வந்ததும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து, காரின் பக்கத்தில் அப்பாவை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கி, அதற்கப்புறம்தான் பையைத் திறந்தார்.

அப்பாவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. இரும்பு சரியாகத்தானே இருந்தது, ஏன் வண்டி நின்றது என்று கேட்டார். அத்தப்பண்ணன் புதுச் சாவியின் தலையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அரிசி மணி அளவில் ஒரு சில்லு.

"இரும்பு கதவுக்குங்க. இந்தச் சில்லுதான் இஞ்சினுக்கு. சாவியத் திருப்புனதும் வண்டி இதுகிட்டப் பேரு கேக்கும். ரேசன் கார்டாட்டம் வண்டிக்குள்ள ஒரு பட்டியல் இருக்குதுங்க. அதுல பேரு இருந்தா ஓடும், இல்லாட்டி நின்னுக்கும்."

பிறகு அப்பா கொண்டுவந்த சாவியையும் புதுச் சாவியையும் பானட் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் சொருகி, சாவிகளைப் பதிவுசெய்யும் மெஷினைத் தட்டினார். பழைய பட்டியலை முழுசாக அழித்துவிட்டு, பானட் மேல் இருந்த இரண்டை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஏற்கெனவே இருப்பதை எதற்காக அழித்துச் சேர்க்க வேண்டும் என்று எனக்குப் பொறுக்கவில்லை. தொலைந்த சாவியின் பெயர் பட்டியலில் இருக்கிறவரை அது தொலைந்ததாகக் கணக்கில்லை, எடுத்தவன் எவனோ அவனுக்கும் வண்டி ஓடும் என்றார். கோழி வயிற்றில் இருக்கிற சில்லை எவன் எடுப்பான் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாரே தவிர, அழித்துவிட்டுத்தான் போனார்.

அவருடைய இந்தப் பிடிவாதத்தால் எரிச்சல்பட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒரு நாள் அவர் கடையில் நான் இருந்தபோது ஒருவர் வந்து, மனைவி ஓட்டும் காருக்கு இன்னொரு சாவி வேண்டும், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றார். ஊரில் செல்வாக்குள்ள மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிரட்டலும் கெஞ்சலுமாக முக்கால் மணி நேரம் பேசினார். அத்தப்பண்ணன் சாவி வெட்டும் மெஷினில் இரும்புத் தூளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் எழுந்தபோது, "அவிங்களையும் கூட்டிட்டு வாங்க, நின்னு செஞ்சு தாரேன்" என்றார். எனக்கு அன்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடுத்தவர் விசயத்தில் நியாயம் நமக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது.

அப்பா போனது ஒரு மத்தியான வேளையில். காரை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார், தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் திரும்பக் கொண்டுவந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில். சனங்கள் வர ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் தம்பி செந்தில் ஓசூரில் வேலையாக இருக்கிறான். அப்பாவுக்குக் கண் மங்கி வருகிறது, காரை நான் கொண்டுபோகிறேன், அம்மாவுக்கு வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம் என்று அந்த மாதம் போனில் சொல்லியிருந்தான். அது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சொன்ன நேரத்துக்கு வராத வாடகை வண்டிக்கு அம்மாவை வாசலில் உட்கார வைக்க என்னால் முடியாது. காரியம் முடிந்ததும் இவன் ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். எழுந்துபோய் அப்பாவின் பீரோவைத் திறந்து, இரண்டாவது சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா கூடத்தில் கிடந்தார். நான் செய்த முதல் வேலை அது. இதற்கு நியாயம் எதுவும் வைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிபாளையத்துக்குப் போய்க் காவிரியில் சாம்பலைக் கரைத்தார்கள். கடைசியாக அப்பா போட்டிருந்த வேட்டி சட்டையை மூட்டையாகக் கட்டி, அதையும் ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். செந்தில்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அந்த மூட்டையை விட்டான். அவர்கள் திரும்பி வந்த பிறகு பந்தல்காரர் காரை நகர்த்தச் சொன்னார், அப்போதுதான் சாவியைத் தேடினோம். ஆணியில் இல்லை, டிவி மேல் இல்லை. அப்பா சாவியை எப்போதும் சட்டைப்பையில்தான் போடுவார் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் செந்திலைப் பார்த்தார்கள். பெரியப்பா அத்தனை பேர் முன்னாலும், "பாக்கெட்டுல கைய உட்டுப் பாக்கோணும்னு கூடத் தோணலையாடா உனக்கு" என்றார். அவன் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டான்.

பரவாயில்லை, பீரோவில் இன்னொன்று இருக்கிறது என்று அம்மா சொன்னார். பீரோவில் இல்லை. வீடே தேடியது. நானும் தேடினேன். தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு அரிசி டிரம்மைக் கவிழ்த்துத் தேடினேன். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்து நீட்டியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். தேட ஆரம்பித்துவிட்ட பிறகு எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு நிமிடமும் முந்தைய நிமிடத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. அம்மாவைச் சேலம் கூட்டிப்போக வேண்டிய நாள் மறுநாளைக்கு மறுநாள். வேறு வழியில்லாமல் நானே அத்தப்பண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் இல்லை. இறப்புச் சான்றும் கைக்கு வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் தொட்டிருக்கமாட்டேன், அப்பாவை எனக்குத் தெரியும் என்பதால் செய்கிறேன் என்றார். ஆனால் வாரிசு மூன்று பேரும் வண்டியின் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நாற்காலி போட்டோம். ஒரு பக்கம் செந்தில், ஒரு பக்கம் நான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார், மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். கதவைத் திறந்து வயரைச் சொருகினார்.

"ரெண்டு சாவி காட்டுதுங்க" என்றார். அந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்தவரே அவர்தான். ஒன்று ஆற்றோடு போய்விட்டது, இன்னொன்றைக் காணவில்லை என்று செந்தில் சொன்னான்.

அத்தப்பண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. புதுச் சாவி இரண்டையும் பானட் மேல் வைத்துவிட்டு, பானட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆத்துக்குப் போனது போயிருச்சு, செரி. இன்னொண்ணு ஊட்டுக்குள்ள யாருகிட்டயாச்சும் இருந்தா இப்பவே கொண்டாந்து இங்க வெச்சுருங்க சாமி. அவசரமில்லை, நான் நிக்கறேன். வெக்காத சாவிக்கு இனிப் பேரு இருக்காது."

நின்றார். டீ கொண்டுவரச் சொல்லிக் குடித்தார். பத்து நிமிடம் இருக்கும். என் கை கைப்பைக்குள் இருந்தது, விரல் சாவிமேல் இருந்தது. செந்தில் என் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நின்றான். நான் எடுக்கவில்லை. அத்தப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெஷினைத் தட்டினார்.

வேலை முடிந்ததும் ஒரு சாவியை அம்மா கையில் கொடுத்தார். இன்னொன்றைச் செந்திலிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. அப்பா சாவியைத் தொலைத்தவன் நான், எனக்கு இந்தக் கார் வேண்டாம், அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்றான். காரியம் முடிந்து பஸ்ஸில்தான் ஓசூருக்குப் போனான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் பின் சீட்டில் உட்காருவானே தவிர, ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கார் எனக்கு அப்படித்தான் வந்தது. அவன் தலைகுனிந்ததால் வந்தது.

இரண்டு மாதம் அந்தச் செத்த சாவியோடு அலைந்தேன். எங்கே வைத்தாலும் உறுத்தியது. கதவைத் திறக்கும், வண்டியை எடுக்காது. கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். அத்தப்பண்ணனிடம் கொடுத்து மறுபடி பட்டியலில் சேர்த்துவிடுவது. பிறகு பீரோவின் அடித்தட்டில் தாளுக்குக் கீழே வைத்து, கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவது. கடைக்குப் போய் மேசைமேல் வைத்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எடுத்துத் துணியால் துடைத்தார்.

"சேத்தலாம் அம்மிணி. அஞ்சு நிமிச வேலைதான். தம்பியக் கூட்டிட்டு வாங்க."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இப்போது கார் அம்மா பேருக்கு மாறியாகிவிட்டது, வேண்டுமானால் அம்மாவைக் கூட்டிவருகிறேன், தம்பி எதற்கு என்றேன். அன்றைக்கு மூன்று பேர் நின்றீர்கள், அதில் ஒருத்தருக்குத் தெரியாமல் சேர்க்க மாட்டேன் என்றார். சேலத்தில் உங்களைப்போலப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றேன். ஆமாங்க, நன்றாகச் செய்வார்கள் என்று ஒருவருடைய கடைக்கு வழியும் சொன்னார். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, உண்மையாகவே வழி சொன்னார். நான் அந்தக் கடை வாசல்வரை போனேன். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு நாமக்கல்லுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார், தம்பி வந்தாங்களா என்று. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் கேட்டார், பெட்ரோல் பங்கில் கேட்டார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது சாதாரண விசாரிப்பு. எனக்கு அது அப்படியில்லை. அவர் கடை இருக்கும் ரோட்டை விட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஆனால் அவர் இந்த விசயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் மகளிடம்கூட. இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் அவளுக்கே தெரியும்.

நெஞ்சுக் கோளாறால் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் திருச்செங்கோட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பேசினால் மூச்சு வாங்கியது. நான் முட்டை விலை முதல் மழை வரை நிறுத்தாமல் பேசினேன், தம்பியைப் பற்றி அவர் கேட்டுவிடக் கூடாது என்று. கிளம்பும்போது கையைக் காட்டி நிறுத்தினார். மெஷின் மகளிடம் இருக்கிறது, எல்லா வேலையும் அவளுக்குத் தெரியும் என்றார். "நான் இல்லாட்டியும் ரெண்டு பேரும் வாங்க" என்றார். வருகிறோம் அண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் செந்திலுக்குப் போன் போட்டேன், அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் செந்திலுக்கு அனுப்பினேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுத்தில் அனுப்பினேன், வேறு பெருமை எதுவும் இதில் இல்லை. படித்துவிட்டதற்கான அடையாளம் அரை மணி நேரத்தில் வந்தது. பதில் வரவில்லை. அன்று முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் ஒரே மாதிரியை இரண்டு தடவை எடைபோட்டேன். மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நான் பாக்கெட்டப் பாக்கலைன்னு எழுதியிருக்கறே. பாத்தேன்க்கா. சாவி இருந்துச்சு. எந்நேரமும் நெஞ்சுகிட்டயே வெச்சுருப்பாரு, அவருகிட்டயே இருக்கட்டும்னு சேத்தி உட்டேன். பீரோவுல இன்னொண்ணு இருக்குதுல்லன்னு நெனச்சேன்."

பீரோவில் ஒன்று இல்லை என்றானதும் அவனால் அதை வெளியில் சொல்ல முடியவில்லை. தெரிந்தே விட்டேன் என்பதைவிடப் பார்க்காமல் விட்டேன் என்பது சின்னக் குற்றமாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டான். பெரியப்பா திட்டியதை, அம்மா அழுததை, சொந்தக்காரர்கள் நான்கு வருடமாக ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரித்ததை வாங்கிக்கொண்டான். அவன் அப்பாவுக்காக ஆசையாகச் செய்த ஒரு காரியத்தை நான் அவனுக்குத் தண்டனையாக மாற்றியிருக்கிறேன். அன்றைக்குப் பானட் முன்னால் நாங்கள் இரண்டு பேருமே வாய் திறக்காமல்தான் நின்றிருக்கிறோம். என் பொய் அத்தப்பண்ணனுக்குத் தெரியும். தம்பியின் பாரம் தெரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு பேரையும் சேர்த்து வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். போனில் நான் வாய்விட்டு அழுதேன். அப்பாவுக்கு, தம்பிக்கு, அத்தப்பண்ணனுக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதேன்.

அத்தப்பண்ணனின் மெஷினும் நோட்டும் அவர் மகளிடம் இருக்கின்றன. அவர் கைவேலை இந்த மாவட்டம் பூராவும் வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய அந்த நிற்றலைத்தான். வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை பையைத் திறக்காமல் அவர் நின்ற நிற்றல். ஞாயிற்றுக்கிழமை செந்தில் வருகிறான். போனில் தம்பியிடம் ஏன் அழுதாய், என்ன விசயம் என்று அம்மா இரண்டு நாளாகத் துளைத்தெடுக்கிறார். எனக்கு நாக்கு நுனிவரை வருகிறது. சொல்லவில்லை. அவனும் வரட்டும்.